ஜெபசிங் அண்ணனும் என் கிளினிக் பதிவும்

ஜூன் 3, 2024

கிளினிக் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘ஊசி போடுபவரின் கல்வித் தகுதி’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

நான் வெளியே போனால் ஊசி போடுவது ஜெபசிங் அண்ணன். டோக்கன் கொடுக்கத்தான் சேர்ந்தார், பதினோரு வருடம் முன்பு. படிப்பு பத்தாவது. சதுரங்கப்பட்டினத்தில் பாதிப் பேருக்கு அவர் ‘சின்ன டாக்டர்’. எனக்கும் வசதியாக இருந்தது, காதில் விழாதது போல இருந்துவிட்டேன். யார் குற்றம் இது? என்னுடையதுதான்.

ஜூன் 5

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இனி ஊசியைத் தொடக்கூடாது. யாருக்காவது ஏதாவது ஆனால் இரண்டு பேரும் கோர்ட்டில் நிற்போம் என்று.

“இத்தினி வருசமா போட்டுகினு கீறேன். ஒருத்தருக்காவது சீழ் புடிச்சுதா டாக்டரம்மா?”

இல்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 6

அண்ணன் என்னோடு பேசவில்லை. அடுத்த ஆளை ஜாடையில் அனுப்புகிறார்.

ஜூன் 10

ரேணுகா சேர்ந்தாள். முறையாக நர்சிங் படித்தவள். அண்ணன் மருந்து அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்தார் – மேஜைமேல் வைத்து, ஒற்றை விரலால் தள்ளி.

நூறு நாள் வேலைக்குப் போகும் சந்திரம்மா, சின்ன டாக்டர் போட்டால்தான் ஆச்சு என்று பெஞ்சைவிட்டு எழவில்லை. அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. பார்த்தேன்.

ஜூன் 19

கிளினிக் பதிவு விஷயமாகச் செங்கல்பட்டு அலுவலகத்தில் ஒரு நகல் குறைகிறது என்று நின்றுகொண்டிருந்தேன். ரேணுகா போனில் கூப்பிட்டாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஆய்வாளர் கேசவன் கிளினிக்குக்கு வந்துவிட்டாராம். அதே அலுவலகத்திலிருந்து! அண்ணன் மட்டும் தனியாக. ஐயோ, என்ன செய்து வைத்தாரோ. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் மனசுக்குள் கிளினிக்கை மூன்று தடவை இழுத்து மூடிவிட்டேன்.

போனால் கேசவன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். தான் யார் என்று சொல்லாமல், காய்ச்சல், ஒரு ஊசி போட்டுவிடுங்கள் என்று அண்ணனைக் கெஞ்சிப் பார்த்தாராம். அண்ணன் சொன்ன பதிலை அவரே சொன்னார்:

“நான் டாக்டர் இல்ல சார், டோக்கன் குடுக்கறவன். இப்டி குந்து, தண்ணி தரேன்.”

குறை ஒன்றே ஒன்று: வாசல் பலகையில் பதிவு எண் இல்லை. ஒரு வாரம் அவகாசம்.

அண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன். நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்.

ஜூன் 24

புதுப் பலகை வந்தது. ஆள் வைத்து மாட்டலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை, ஸ்டூலில் ஏறினார். பழைய துரு ஆணி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

எந்த மருந்து எந்தத் தட்டில் என்று அவருக்குத் தெரியாதா? கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். தனக்கும் ஒரு டோக்கன் கிழித்தார். ஏழாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். முறை வந்ததும் காயத்தைப் பார்த்து, டி.டி. ஊசிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

ரேணுகா ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பயப்படாம போடும்மா,” என்றார்.