ராகு காலத்துக்குக் காலம் இல்லை

நோட்டீஸ் 1-ம் நாள், செவ்வாய்

வெயில். கரண்ட் இல்லை. அக்காவுக்கும் ஆன்டனிக்கும் கல்யாணம். ஒரே கம்பெனி, ஒரே அசெம்ப்ளி லைன். அவர் தூத்துக்குடி. நம் வீட்டில் கோயில் என்கிறார்கள், அவர் வீட்டில் சர்ச். அக்கா போட்ட போடு: "மொதல்ல கையெழுத்து. அப்பால மாலையோ மோதிரமோ, உங்க இஷ்டம்."

பதிவு அலுவலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. முப்பது நாள் தொங்கும். அதற்குள் யாராவது ஆட்சேபித்தால் சிக்கல். யாராவது = கஜேந்திரன் மாமா. அம்மாவின் தம்பி.

28-ம் நாள், திங்கள்

தூறல். மாமாவின் எழுத்து மாமாவுக்கே புரியாது. ஆட்சேப மனு எழுத என்னை இழுத்துக்கொண்டு போனார். எதிரிப் படையில் எழுத்தர் வேலை! ஏழு பிழை. எல்லாம் வேண்டுமென்றே.

கவுன்டர் அம்மா: "இன்னா ஆட்சேபணைங்க?"

"பையன் வேற மதம்மா."

"ஃபாரத்துல மதம்னு கட்டமோ காலமோ இல்லீங்க. வயசு பத்தலையா? ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா?"

"அதெல்லாம் இல்ல. வெள்ளி பத்தரைக்குத் தேதி குடுத்துகிறீங்க. ராகு காலம்மா!"

"அந்தக் காலமும் இல்லீங்க."

மனு திரும்பி வந்தது. சிரிப்பை அடக்கி எனக்கு விக்கல். ஒரகடம் வரை பஸ்ஸில் விக்கினேன். மாமா: "இனி அந்தப் பக்கம் கால் வெக்கமாட்டேன்."

32-ம் நாள், வெள்ளி

புழுக்கம். அக்கா பச்சைப் புடவை. சாட்சி மூன்று பேர் வேண்டும், வந்தது இரண்டு. மூன்றாவது, அக்காவோடு வேலை செய்யும் ரேவதி அக்கா; மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வராததால் ஷிப்டிலேயே மாட்டிக்கொண்டாள். எனக்குப் பதினேழு, செல்லாது. இன்று விட்டால் அக்காவுக்கு இந்த மாதம் லீவு கிடையாது. முகம் செத்துவிட்டது. "நாலு மாசம் முன்னாடி பொறந்து தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

வெளியே ஓடினேன். டீக்கடையில் மாமா. சலவை வேட்டி!

"சும்மா டீ குடிக்க வந்தேன்."

"வூட்டாண்ட கடை இல்லியா மாமா? உள்ள வா. தாய்மாமன் இல்லாம கல்யாணம் நிக்குது."

"இங்க தாய்மாமனுக்கு இன்னாடி வேலை?"

"உனக்குன்னே ஒரு கட்டம் காலியா கீது."

"ராகு காலம்டீ..."

"அந்தக் காலம் இங்க இல்லன்னு திங்கக்கெழமையே சொன்னாங்களே!"

முறைத்தார். டீயை வைத்தார். ஆட்சேபிக்கக் கொண்டுபோன அதே ஆதார் அட்டை, சட்டைப் பையிலேயே இருந்தது.

உள்ளே அக்கா எழுந்து நின்றாள். மாமா அவளைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தார். "எங்கம்மா போடணும்?"

கவுன்டர் அம்மா விரலால் மட்டும் காட்டினார்.

மாமா போட்ட கையெழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. பக்கத்துக் காலத்துக்கும் போய்விட்டது. மணி 10.52.