சேற்றில் நான் நின்ற நேரம்

நேற்று மகள் உங்கள் மடக்கு ஸ்டூலை மொட்டை மாடியில் வைத்துக் கழுவினாள். தண்ணீர் பட்டதும் அதன் காலில் காய்ந்திருந்த சேறு இளகி, கடல் வாடை எழும்பியது. எந்நேரமும் மருந்துக் கம்பெனி நெடி அடிக்கிற இந்த ஜீடிமெட்லாவில் கடல் வாடை. குழாயை மூடு என்றேன்.

"நக்கோ மா, வேணாம்! துரு புடிச்சத எதுக்கு வெச்சிக்கிட்டு? போட்டுடலாம்" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் அதில் கடைசியாக உட்கார்ந்திருந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை.

பதினோரு குளிர்காலம் அலைந்தோம். சொந்தக்காரர்கள் ஜனவரி லீவுக்கு ஊருக்குப் போவார்கள். நாம் செகந்திராபாத்தில் ரயில் ஏறி, காக்கிநாடா பக்கம் சேற்றைப் பார்க்கப் போவோம். அந்தப் பறவையின் இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. கரண்டி மூக்கு என்பேன். குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. பனி நாட்டிலிருந்து குளிருக்கு வருமாம், உலகத்திலேயே மிச்சம் இருப்பது கொஞ்சம்தானாம். அதே மாதிரி சாம்பல் நிறத்தில் வேறு பறவைகள் நூற்றுக்கணக்கில் மேயும், மூக்கு மட்டும்தான் வித்தியாசம். "ஒவ்வொரு மூக்கா பாக்கணும் ளா. அவசரப்படுதவ காக்கா பாக்கப் போ" என்பீர்கள். "உங்களக் கட்டினதுக்கு அதையே பாத்திருக்கலாம்" என்பேன். பாதி நாள் சண்டையிலேயே போகும். ஆனாலும் தேடுவோம். ஒரு தடவைகூட அது கண்ணில் படவில்லை.

போன வருடம் உங்களால் பத்தடி சேர்ந்தாற்போல நடக்க முடியவில்லை. சேற்றில் இறங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கரையில் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று நீங்கள் சத்தியம் பண்ணின பிறகுதான் டிக்கெட் எடுக்கவிட்டேன். பைனாகுலர் என் கழுத்தில். தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். அதுதான் பேச்சு.

மூன்றாம் நாள் தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. முழங்கால் சேற்றில் கூப்பிடு தூரம் போனேன். ஒவ்வொரு மூக்காகப் பார்த்து வந்தேன். பார்த்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். கையைத் தூக்கினால் உங்கள் சத்தியம் எம்மாத்திரம்? எழுந்து வருவீர்கள். பாதி வழியில் விழுவீர்கள். உங்களைத் தூக்க அங்கே ஆள் கிடையாது.

நான் கையைத் தூக்கவில்லை.

"ஏளா, ஏதும் தெரியுதா?" காற்றில் உங்கள் குரல் பிய்ந்து வந்தது.

"ஒண்ணும் இல்ல. அதே பழைய கூட்டந்தான்."

"சரி, வந்திரு. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

ஸ்டூலை மடக்கும்போது பைனாகுலரைக்கூட நீங்கள் கேட்கவில்லை. என்னை நம்பினீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தீர்கள். அந்த இரண்டு மாதமும் நீங்கள் பார்த்தது ஆஸ்பத்திரிச் சுவரும் சுற்றுகிற ஃபேனும்தான். மூக்கில் குழாய். கடைசி வாரம் ஒரு மத்தியானம் குழாயை விலக்கிவிட்டுக் கேட்டீர்கள்:

"அன்னைக்கு ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னியே, என்னத்தப் பாத்துக்கிட்டு நின்ன?"

சொல்லியிருக்கலாம். அப்போது சேறும் இல்லை, நீங்கள் எழுந்து ஓடவும் போவதில்லை. ஆனால் எந்த முகத்தோடு சொல்ல?

"கால் மாட்டிக்கிடுச்சு" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தெரிந்துதான் கேட்டீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ரெண்டு மாத உயிருக்காக உங்கள் பதினோரு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். செய்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் சோறு இறங்காது.

நீங்கள் பார்த்திருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஒண்டியாகத்தான் இருந்தது, கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி. முதுகு சாம்பல், வயிறு நல்ல வெள்ளை, கால் கறுப்பு. ஓரத் தண்ணீரில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து அசைத்துத் துழாவியது. ஒரு தடவை நிமிர்ந்தது. மூக்கு நுனி அகலமாகத் தெரிந்தது, அதில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. நான் எண்பது வரை எண்ணினேன். அவ்வளவு நேரமும் அது பறக்கவே இல்லை.