பிளேட் இல்லை, பிளேட்

பாமன்கடை,
கொழும்பு 6.
19.10.2025

அன்பு மகள் அம்னாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவின் இடது முழங்காலையும் எங்கள் தொடர்மாடியின் லிப்டையும் தவிர மற்றதெல்லாம் சுகம், அல்ஹம்துலில்லாஹ். அங்கே நீயும் பேத்தி மின்ஹாவும் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆ செய்கிறோம். லிப்ட் நின்று பதினொரு நாள், உம்மா மூன்றாம் மாடியிலிருந்து இறங்குவதில்லை, மரக்கறிக்காரர் வந்தால் பையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார், போன சனிக்கிழமை பூசணிக்காய் முதலாம் மாடிக்காரர்களின் ஜன்னலைத் தட்டிவிட்டுத்தான் மேலே வந்தது. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் இருக்கிறார், மெசேஜ் அடிக்க என் விரலுக்கு எழுத்து சின்னது, அதோடு போன வாரம் நடந்ததை உன் வீட்டுக்காரர் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பார், என் பக்கத்தை நான் எழுத்தில் வைக்கிறேன். தன் தம்பியின் கல்யாணத்துக்கு வந்த உன் சிநேகிதி பர்ஹா வியாழக்கிழமை டொரண்டோ திரும்புகிறார், அங்கிருந்து தபாலில் போட்டுவிடுவார்.

ஆகஸ்ட் மாதம் நீ மூன்று படம் அனுப்பி, நாலு சில்லு மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு வண்டி வாங்கியிருக்கிறோம், அதன் முன்னால் பூட்டி ஸ்னோ தள்ளுகிற பிளேட் எது நல்லது வாப்பா என்று கேட்டாய். நான் ஸ்னோவைப் பார்த்தது குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில்தான். ஆனாலும் கிராண்ட்பாஸில் நாற்பது வருடம் லொறிப் பாகம் விற்றவனிடம் ஒரு பாகத்தைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் ஐம்பது அங்குலம் போதும் என்று போட்டிருந்தது, வண்டியின் அகலம் நாற்பத்தெட்டு. நேராகத் தள்ளினால் ஐம்பது போதும்தான், ஆனால் ஓரத்துக்கு ஒதுக்க வேண்டுமென்றால் பிளேட்டின் ஒரு நுனியைப் பின்பக்கம் சரித்து வைக்க வேண்டும், சரித்தால் அகலம் குறையும் அல்லவா. அதனால் எங்கள் காவலாளி இராமரைக் கூட்டிக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்தில் சோக் கட்டியால் நாற்பத்தெட்டு அங்குல வண்டியொன்றைக் கீறினேன். பக்கத்தில் கட்டுகிற கட்டடத்தில் நாலு வாளி மணல் கேட்டு வாங்கிக் கொட்டினோம். ஐம்பது அங்குலப் பலகையைச் சரித்துப் பிடித்து இராமர் தள்ளினார், சில்லு போகிற இடத்தில் மணல் அப்படியே கிடந்தது. அறுபது அங்குலப் பலகைக்குச் சுத்தமாகப் போனது. இராமர் நுவரெலியாப் பக்கத்து ஆள். "எங்க ஊர்லயும் பனி கொட்டும் ஹாஜியார், யாரும் தள்ள மாட்டாங்க, அதுவா போயிரும்" என்றார். அங்கே அது ஏப்ரலில்தான் போகும் என்று விளக்கினேன். அப்படியென்றால் மகள் ஏன் அங்கே இருக்கிறார் என்று கேட்டார். நான் பலகையை இன்னொரு தடவை அளந்தேன். அறுபது அங்குலம், நேர் பிளேட், கல் படுகிற பாதை என்பதால் பிளாஸ்டிக் வேண்டாம் இரும்பு என்று உனக்கு எழுதினேன், நீங்களும் அதையே வாங்கினீர்கள்.

மகள், உம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். அந்த வண்டியை ஏன் வாங்கினீர்கள் என்பதை அதே மெசேஜின் கடைசியில் சொல்லியிருந்தாய். ஜனவரியில் உன் வீட்டுக்காரர் லொறியோடு வேறு மாகாணத்தில் இருந்த நேரம் பிள்ளைக்கு இழுப்பு வந்து, அம்புலன்ஸ் ஸ்னோ மூடிய வீட்டுப் பாதையில் ஏற முடியாமல் கேட்டடியில் நிற்க, நீ பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இடுப்பளவு ஸ்னோவில் இருநூறு யார் தூரம் நடந்தாய் என்று. ஏழு மாதம் மறைத்துவிட்டு பிளேட்டின் நீள அகலத்தோடு சேர்த்துச் சொல்கிறாய். உம்மாவுக்கு நான் நீள அகலத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். முதலில் எனக்கு உன்மேல் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது, நடந்து முடிந்ததற்குப் பயப்பட்டு என்ன பிரயோசனம் என்று தெரியும், ஆனாலும் வந்தது, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்கள் வாசலிலிருந்து சந்தி பேக்கரி சரியாக அதே இருநூறு யார் தூரம். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தேன், வெயிலிலேயே இரண்டு இடத்தில் நின்றேன், பேத்தி அதைவிடப் பாரம்.

இப்படி இருக்கும்போது போன செவ்வாய்க்கிழமை உன்னிடமிருந்து ஒரே வரி, பிளேட் பிழை வாப்பா திருப்பி அனுப்பப் போறோம் என்று. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மறுபடியும் மணல் வாங்கி, மறுபடியும் சோக்கால் கீறி, முழுவதையும் திரும்பச் செய்து பார்த்தேன், அறுபது அங்குலத்தில் ஒரு பிழையும் இல்லை. தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் சுபோதினி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பின்னேரம் கார் நிறுத்துமிடத்தில் மணல் விளையாடத் தடை என்று மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தது. உனக்குப் போன் எடுத்தேன், நீ வேலையில். உம்மா, "மாப்புளக்கு எடுங்களேன், ரெண்டு வார்த்த பேசினா வாய்ல ஈக்கிற முத்து கொட்டிடுமா" என்றார். உனக்குத் தெரியும், நான் அவரோடு பேசி நான்கு வருடம். நிக்காஹ் அன்று என் கையைப் பிடித்து, கொழும்பை விட்டுப் போக மாட்டேன் மாமா, கடையை ரெண்டு பேருமாகப் பார்ப்போம் என்றவர், பதினெட்டு மாதத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். நான் கடையையும் மூடினேன், பேச்சையும் மூடினேன். பெருநாளைக்கு அவர் எடுத்தால் போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இப்போது ஒரு நல்ல பிளேட்டைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், குளிர்காலம் வாசலில் நிற்கிறது, எடுத்தேன்.

ஸலாம் சொன்னார், பதில் சொன்னேன், அது கடமை. சுகம் விசாரிக்க இடம் வைக்காமல், அறுபது அங்குல பிளேட்டைப் பிழை என்று யார் சொன்னது என்று கேட்டேன். "பிளேட் சரி மாமா, பிளேட்தான் பிழ" என்றார். ஒரே மூச்சில் சரி என்றும் பிழை என்றும் சொல்கிற மனிதரோடு நான்கு வருடம் பேசாமல் இருந்தது நியாயம் என்றுதான் அந்த நேரத்தில் பட்டது. எது சரி என்றேன், பிளேட் என்றார். எது பிழை என்றேன், பிளேட் என்றார். ஷேவ் எடுக்கிற பிளேட்டா, சாப்பிடுகிற பிளேட்டா என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஒண்டு ஷேவ் எடுக்கிறது மாதிரி, மத்தது சாப்பிடுறது மாதிரி, ஆனா ரெண்டும் இரும்பு" என்றார். பிறகுதான் விளங்கியது, ஸ்னோவைத் தள்ளுகிற பெரிய இரும்பு ஒன்று, அதை வண்டியின் அடியில் பிடித்து வைத்திருக்கிற தட்டை இரும்பு இன்னொன்று. வெள்ளைக்காரன் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறான், நாம் எழுதினாலும் சொன்னாலும் ஒன்றுதான். இனி ஒன்றுக்குத் தள்ளுறது, மற்றதற்குப் பிடிக்கிறது என்று பெயர் வைப்போம், இப்போது சொல்லுங்கள் எது பிழை என்றேன். "புடிக்கிறதுதான் பிழ மாமா, தள்ளுறது நல்லா ஈக்கி, நீங்க சொன்ன அறுவது அங்குலம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தள்ளுறது எந்த வண்டிக்கும் பூட்டலாம், பிடிக்கிறது வண்டிக்கு வண்டி, வருடத்துக்கு வருடம் வேறு, ஓட்டை கால் அங்குலம் விலகினாலும் போல்ட் ஏறாது. கடையில் யார் வந்து எதைக் கேட்டாலும் முதல் கேள்வி, மொடல் என்ன, வருடம் என்ன, வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கிற செசி நம்பர் என்ன. சின்ன வயதில் நீ கடை வைத்து விளையாடும்போது பொம்மைக்கே செசி நம்பர் கேட்பாய். அப்படிப்பட்ட நான் ஆகஸ்டிலிருந்து மணல் தள்ளினேனே தவிர அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் அதற்குப் பதில் தெரிந்தவர் அவர். பிழை என்னுடையதுதான் மகள். அன்று கேட்டேன். அவர் டோர்ச்சோடு வண்டிக்குக் கீழே போய் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதித் திருப்பி வாசித்தேன். வந்திருந்தது முந்தின வருட மொடலுக்குரியது. இதை முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். வண்டிக்கு அடியிலிருந்துதான் பதில் வந்தது. "நான்தான் மாமா அம்னாவ கேக்கச் சொன்ன, நான் கேட்டா நீங்க போனை மாமிக்கிட்ட குடுத்திடுவீங்களே" என்றார். மூன்று படமும் அவர் அனுப்பச் சொன்னதாம். ஜனவரியில் நடந்ததை வாப்பாவிடம் மறைக்காதே என்றதும் அவராம். "அண்டைக்கு நான் அங்க இல்ல மாமா, இனி நான் இல்லாட்டியும் பாத தொறந்து ஈக்கணும்" என்றார், குரல் ஒரு மாதிரி இருந்தது. போல்ட் என்ன அளவு என்று கேட்டேன்.

இனி நான் சொல்வதைக் கேள். முதல் ஸ்னோ விழும்போதே பாதையை வேண்டியதைவிட அகலமாகத் தள்ளிவிடுங்கள், ஓரத்தில் குவிந்தது இறுகிவிட்டால் அடுத்ததைப் போட இடம் இருக்காது என்று மருமகன் சொல்கிறார், மணலிலும் நான் அதைப் பார்த்தேன். தள்ளுறதின் அடியில் இரண்டு சப்பாத்து மாதிரி இருக்குமாம், நிலம் உறையும்வரை அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் தள்ளுறது நிலத்தைத் தொடாது, கிரவல் கல்லை வாரிக்கொண்டு போகாது. முதல் நாள் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்க வேண்டும், புது இரும்பு அதிர்ந்து இளகும். வீட்டு வாசலில் ஒரு அம்புலன்ஸ் திரும்புகிற அளவுக்கு இடம் எப்போதும் துப்புரவாக இருக்கட்டும், வராமல் இருக்க துஆ செய்வோம், இடம் இருக்கட்டும். வண்டி ஓடும்போது பேத்தி ஜன்னலுக்கு உள்ளே. அவர் வீட்டில் இருக்கும்போதே நீயும் ஓட்டிப் பழகு.

உன் நெஞ்சு உறுதியாக, கையில் பரக்கத்தாக, மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் ஆரோக்கியமாக வாழ அல்லாஹ் அருள் செய்யட்டும். பேத்திக்கு என் முத்தம். மருமகன் அஷ்ரபுக்கு என் ஸலாம், நேரே சொல். முதல் ஸ்னோ தள்ளி முடிந்ததும் எனக்கு எடுக்கட்டும், நீ எடுக்க வேண்டாம், அவர் எடுக்கட்டும்.

வஸ்ஸலாம்,
உன் வாப்பா,
அலவி.

புதன்கிழமை. கடிதத்தை ஒட்டப் போகும்போது மருமகனிடமிருந்து படம் வந்தது. சரியான பிளேட் வந்து பூட்டியாகிவிட்டது, ஆறு போல்ட்டும் ஏறியிருக்கின்றன. அதன்மேல் வெள்ளைப் பெயின்டால் தமிழில், பிடிக்கிறது மாமா, என்று எழுதியிருக்கிறார். உம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, யாருக்கு யாரைப் பிடிக்கிறதாம் என்று கேட்டார். போல்ட்டைப் பற்றி என்று சொன்னேன்.