கொடியில் கிடந்த துணி

ஸ்ரீமதே ராமானுஜாய நம:

ஸ்ரீரங்கம்,
6-3-2026

சிரஞ்சீவி மதுசூதனுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே மூன்று பேரும் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்க இந்தக் கிழவன் ஏன் தபாலில் இறங்கினான் என்று உனக்குத் தோன்றும். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், நீ கூப்பிட்டதும் உன் தங்கை மேகனா ஓடிவந்து மடியில் வைத்துக்கொள்கிறாள், அவள் காதில் விழக்கூடிய விஷயமில்லை இது. அதோடு வாயால் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

மேகனாவுக்குத் தினமும் காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை நான்தான் கொடுக்கிறேன், போன மாத ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கிறது. முப்பது வயசாகிறது, இன்னும் சட்டைப் பட்டனை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள், அம்மா கழற்றி மாட்டிவிடுகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பொங்கல் கழிந்து நீ வீடியோவில் உன் லேபைக் காட்டினாயே, அன்றிலிருந்து பால்காரர் வந்தாலும் கேஸ்காரர் வந்தாலும் மேகனாவுக்கு உன் பெரிய தலைப்பிரட்டை பேச்சுதான். தைராய்டு சுரக்காத தலைப்பிரட்டை கால் முளைக்காமல் வாலோடு வளர்ந்துகொண்டே போகும், தண்ணீரில் அந்த ஹார்மோனைத் துளி கலந்தால் தாமதமானாலும் பெரும்பாலும் கால் வந்துவிடும் என்றாய். மீனுக்கும் தவளைக்கும் நமக்கும் அதே சரக்குதான், கடலில் பாறையில் ஒட்டிக்கிடக்கும் பை போன்ற ஏதோ பிராணியின் தொண்டையில்கூட அதன் ஆரம்பம் தெரிகிறது, கோடிக்கணக்கான வருஷமாகச் செய்தி மாறவில்லை, வாங்கிப் படிக்கும் உடம்புதான் ஒவ்வொன்றும் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது என்றும் சொன்னாய். முப்பத்திநாலு வருஷம் தபால் ஆபீசில் இருந்தவனுக்கு அது நன்றாகப் புரிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அம்மா உன்னைக் கேட்டாள், கிரகணத்துக்கும் இந்தச் சுரப்பிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டாடா என்று. நீ சிரித்துவிட்டு, ஒன்றும் கிடையாது, பிறந்து சில வாரத்துக்குள் ரத்தம் பார்த்து மாத்திரை ஆரம்பித்திருந்தால் மேகனா நம்மைப் போலவே இருந்திருப்பாள், தவளைக்குக் கிடைக்கும் தவணை மனுஷ மூளைக்குக் கிடையாது என்றாய். அம்மா, அப்போ நமக்கு யாருமே சொல்லலையே என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

மது, சொன்னார்கள். மேகனாவுக்கு இருபத்திரண்டாம் நாள், மஞ்சள் காமாலை இறங்கவில்லையே என்று திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் மட்டும் தூக்கிக்கொண்டு போனேன், அம்மா எழுந்து நடக்க முடியாத நேரம். அந்த டாக்டரம்மா குழந்தையின் நாக்கையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, ரொம்ப மந்தமா இருக்கு சார், தைராய்டு இருக்கான்னு ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை. அவள் பால் குடித்துவிட்டுத் தூங்குவாள், அழவே மாட்டாள், வந்தவர்களெல்லாம் இப்படி ஒரு சமத்துக் குழந்தையா என்று கொண்டாடினார்கள், நீ பிறந்தபோது தெருவையே எழுப்பியவன். இந்தச் சமத்தை ஊசியால் குத்துவானேன், டாக்டர்களுக்கு வேறு வேலையில்லை என்று நானே தீர்மானம் செய்து சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் செருகினேன், ஊரார் கடுதாசி ஒன்றைக்கூடத் தவறவிடாதவன். ஒன்றரை வயசாகியும் அவள் உட்காராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், காலம் கடந்துவிட்டது என்று கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு அந்தச் சீட்டைக் கிழித்துக் கொல்லைக் குப்பையில் போட்டேன்.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. தொண்ணூற்றைந்தில் தீபாவளியை ஒட்டிச் சூரிய கிரகணம் வந்தது, அம்மாவுக்கு ஆறு மாசம் முடிந்திருந்தது, மழை தூறுகிறதே என்று மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து வந்தாள், இரண்டு நிமிஷம் இருக்கும். மேகனா இப்படி என்று தெரிந்ததும் உன் அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள், கிரகணத்துல வெளியில போனா இப்படித்தான் ஆகும் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கிரகணத்துக்கும் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாளே, நீ சின்னப் பையனாகக் கதவிடுக்கில் பார்த்து, அம்மா ஏன் அழறா என்று என்னைக் கேட்பாய். தலைவலி என்பேன். தங்கைக்காகத்தான் இந்தப் படிப்பை எடுத்தேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். காலையில் அம்மா ஊறுகாய் ஜாடி, தயிர்ப் பாத்திரமெல்லாவற்றிலும் தர்ப்பை போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் இவளை அந்த மூலையில் உட்காரவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றி, அடுக்களையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த தர்ப்பையைப் பார்த்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள், அப்போ நான் துணி எடுக்கப் போனதால இல்லையா என்று. இல்லை செண்பகம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டாள். நான்கு தடவை கேட்டாள்.

சாயங்காலம் நிலா ஓரம் மறைந்தபடியேதான் எழுந்தது. தெருவில் எல்லாரும் கிரகணம் விடுவதற்குக் காத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அம்மா மேகனாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மாடிப்படி ஏறினாள். நான் பாதிப் படி வரை போய் நின்றுவிட்டேன், அதற்கு மேல் போக எனக்கு யோக்யதை இல்லை. அன்றைக்கு உலர்த்திய துணியை ஒவ்வொன்றாக எடுத்து மேகனா தோளில் போட்டாள், ஒரு அவசரமும் இல்லாமல் நிலாவைப் பார்த்துக்கொண்டே மடித்தாள். என்னோடு இன்றுவரை பேசவில்லை, தட்டில் சாதமும் சாத்தமுதும் மட்டும் வேளைக்கு வருகிறது.

நீயும் என் மேல் கோபித்துக்கொள், நியாயம்தான், மன்னிப்புக் கேட்கிற இடத்தில்கூட நான் இல்லை. ஆனால் வேளைக்குச் சாப்பிடு, லேபிலேயே படுத்துவிடாதே, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள். எனக்குப் பிறகு மேகனாவின் காலை மாத்திரை உன் பொறுப்பு. பெருமாளும் தாயாரும் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல மனசும் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இது கைக்குக் கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசும்போது சீட்டைப் பற்றிப் பேச்செடுக்காதே. மாடியில் துணி எடுத்ததைக் கேள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருக்கிறது, என்னிடம் சொல்ல மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்ரீனிவாசராகவன்