நர்ஸ் என்று எழுதித் தரச் சொன்னாள்

அன்புள்ள மகள் ஷாலுவுக்கு, திருவனந்தபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பாவும் நானும் லிபினும் நன்றாக இருக்கிறோம். நீயும் மருமகன் ஷிஜுவும் கடல் தாண்டி அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் ஏன் அம்மா காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். வீடியோ கால் போட்டால் உன் தம்பி போனைப் பிடுங்கி உன் முகத்தைத் தடவ ஆரம்பித்துவிடுகிறான். அவன் முன்னால் வைத்துப் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. அவனுக்குப் பேச்சுதான் வராது, காதில் விழுவதெல்லாம் புரியும். முழுவதும் வாசிக்கும்வரை பயப்படாதே, அவன் இப்போது பக்கத்து அறையில்தான் தூங்குகிறான்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அவனுக்குச் சளி என்று சொன்னோமே, அது வெறும் சளி இல்லை மோளே. சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகி ஐசியுவில் கிடந்தான். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அப்பாதான் மறைக்கச் சொன்னார், அவரைத் திட்டாதே. மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் நாங்கள் சேர்ந்து கரமனையில் நடத்துகிற பகல் மையத்துக்கு, சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக்கடை வைத்திருக்கும் பூதலிங்கம் அண்ணாச்சி தலைவரும் நான் செயலாளரும் என்பது உனக்குத் தெரியும். அவர் மகள் அனுஷாவும் லிபினோடு அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷீனாவை நீ வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். விழிஞ்ஞத்துக்காரி, பிஎஸ்ஸி நர்சிங் படித்தவள், நீ போன பிறகு வந்து சேர்ந்தாள். லிபினை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுப்பாள். பிட்ஸ் என்கிற வலிப்பு வருமுன் அவன் காதைத் தேய்ப்பான் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஆனால் மையத்தில் நர்ஸ் என்று ஒரு வேலையே கிடையாது என்பதால், ரெஜிஸ்டரில் அவளை வார்டன் என்று எழுதி வைத்திருந்தோம். அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை, அவள் அயர்லாந்துக்கு மனு போடும்வரை.

மனுவுக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாள். நாங்கள் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் இன்டர்வியூ என்று லீவு சொல்லிவிட்டுக் கொச்சிக்குப் போனாள். அன்றைக்கு மத்தியானம் லிபினுக்குச் சோறு கொடுத்தது ஆயா பேச்சி. பாவம், பாசமுள்ளவள், ஆனால் சாய்வு நாற்காலியில் அவனைப் படுத்தவாக்கில் வைத்து, டிவியைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஊட்டியிருக்கிறாள். மையத்திலிருந்து போன் வந்து நான் போய்ச் சேரும்போது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோவில் என் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பேச்சி வாசலில் உட்கார்ந்து, "எனக்கு ஆரும் சொல்லித் தரலியே அக்கா, எனக்குத் தெரியாதே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை நான் என்ன சொல்ல? ஷீனாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஷீனாவோடு கொச்சிக்குப் போயிருந்தது.

ஐசியுவில் ஆக்சிஜன் மாஸ்கைப் பிடுங்குகிறான் என்று அவன் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபடி அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷீனா ரயிலை விட்டு இறங்கி, பையோடு நேராக அங்கே வந்தாள். டியூட்டி நர்ஸிடம் பொறுமையாகப் பேசி உள்ளே போய், முதலில் ஒரு கையை மட்டும் அவிழ்த்து, தன் ஷாலின் நுனியைப் பிடிக்கக் கொடுத்தாள். மாஸ்க் என்ன செய்யும் என்று தன் முகத்தில் வைத்துக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவன் அடங்கினான். அந்த டியூட்டி நர்ஸ் சின்னப் பெண். வெளியே வந்து என்னிடம், இப்படிப்பட்டவர்களை எப்படிப் பார்ப்பது என்று படிக்கும்போது சரியாகச் சொல்லித் தரவே இல்லை என்று வருத்தப்பட்டாள்.

அன்று வராந்தாவில் ஷீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் கெஞ்சினேன். போகாதே மோளே, நீ போனால் இவன் செத்துவிடுவான் என்றேன். அவள் கையை இழுக்கவில்லை. "ஆன்ட்டி, ஷாலுவும் இப்படிப்பட்டவங்களைப் பாக்குந்ந இதே வேலைக்குத்தானே போயிருக்கா, அவளைத் திரும்ப வரச்சொல்லி விளிச்சீங்களா" என்று கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். "அங்கே அவள் செய்யுந்ந வேலைக்கு ஒரு பேரு உண்டு, படிப்பு உண்டு, மேலே போக வழி உண்டு. எனிக்கு சம்பளம் கூட்ட வேண்டாம், ஞான் இங்கே நர்ஸாயிருந்நேன்னு எழுதித் தந்தா போதும். ஒரு ஷீனா போனா இவன் செத்துப்போவான்னா, அது என் தப்பா ஆன்ட்டி?"

லிபின் வீட்டுக்கு வந்த பிறகு கமிட்டி கூடியது. பூதலிங்கம் அண்ணாச்சி, வார்டன் என்றே எழுதிக் கொடுப்போம் என்றார். "ரெஜிஸ்டர்ல உள்ளதத்தானே எழுதுகோம், பொய் ஒண்ணும் இல்லியே. நர்ஸுன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கே பிளைட் ஏறிருவா. பொறவு எம் மவளுக்கும் ஒங்க மவனுக்கும் ஆரு கெதி?" எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை ஷாலு, பயம்தான். எனக்கு மட்டும் பயம் இல்லையா? கையெழுத்துப் போட வேண்டியது நான், சீலும் என்னிடம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அவன் கெடந்த கெடப்பப் பாத்தேல்லா? ஒப்பு போடாத எலிசாளே" என்றார். நம் வீட்டில் அவர் ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொல்லி நான் மீறினதில்லை. லிபினுக்குக் கஞ்சி கொடுக்க உட்கார்ந்தேன். ஷீனா செய்கிற மாதிரி தாடையை இறக்கி, விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். இவ்வளவையும் செய்தவளை வார்டன் என்று எழுத என் மனசாட்சி ஒப்பவில்லை. மறுநாள் காலையில் மையத்துக்குப் போய், சேர்ந்த நாள் முதல் நர்ஸாக வேலை பார்த்தாள், இன்னின்ன செய்தாள் என்று விவரமாக டைப் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரெஜிஸ்டரிலும் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். அவள் வாசித்துவிட்டு, மடிக்காமல் கையில் வைத்தபடியே பஸ் ஏறினாள்.

அண்ணாச்சி போனில், "எங்க எல்லாரையும் குழியில தள்ளீட்டேளே" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா என்னோடு சரியாகப் பேச நாளானது. தன் கடையை அடைத்துவிட்டு வருவார், லிபின் பக்கத்தில் உட்காருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஆனால் ஷீனா சான்றிதழ் கிடைத்தவுடன் ஓடிவிடவில்லை. விசா வரும்வரை இருந்து பேச்சிக்கும் எனக்கும் ஊட்டக் கற்றுத் தந்தாள், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். பிட்ஸ் வந்தால் செய்ய வேண்டியதை அண்ணாச்சியைத் தரையில் படுக்க வைத்தே செய்து காட்டினாள், அவரும் படுத்துக் கொடுத்தார். புது ஆளுக்கு நர்ஸ் வேலை என்றே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம். இன்டர்வியூவில் லிபினும் அனுஷாவும் இருக்க வேண்டும் என்று ஷீனா பிடிவாதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அயர்லாந்துக்குப் போய் இது இரண்டாவது வாரம், நானும் பேச்சியும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம்.

நேற்றுதான் இன்டர்வியூ. முதலில் வந்த இரண்டு பெண்களும், இவனுக்கு என்ன வயசு, இவன் அடிப்பானா என்று எங்களிடமே கேட்டார்கள். மூன்றாவது அனில் என்று ஒரு பையன், போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளை, நர்சிங் முடித்து மனநல ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். நாற்காலியை இழுத்து லிபினுக்கு நேரே போட்டு, உங்க பேரு என்ன என்று அவனிடம் கேட்டான். நான் சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினான். அவ்வளவு நேரம் யாரும் அவனுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் லிபின் அவன் வாட்சைத் தொட்டுச் சிரித்தான். பிறகு அனில் எங்கள் பக்கம் திரும்பி, வேலைக்கு என்ன பேரு போடுவீங்க என்று கேட்டான். எனக்கு முந்தி அண்ணாச்சி, "நர்ஸு. ஆர்டர்ல அப்பிடித்தான் அடிச்சு வச்சிருக்கு" என்றார். சரி, நான் லீவு எடுக்கிற அன்னைக்கு ஆரு பாத்துக்கிடுவா என்று அடுத்து கேட்டான். அதற்கு நாங்கள் ஏற்பாடு ஒன்றும் செய்திருக்கவில்லை. அதைச் சொல்லுங்க, சேர்ந்துக்கிடுகேன் என்று எழுந்து போய்விட்டான்.

அதற்காகத்தான் இந்தக் காகிதம். உங்கள் இடத்தில் எத்தனை நர்ஸ், ஒருவர் இல்லாதபோது யார் வருகிறார்கள், ஆயாக்களுக்கு யார் கற்றுத் தருகிறார்கள் என்றெல்லாம் எழுது. தமிழில் எழுது, கமிட்டியில் அண்ணாச்சியே வாசிக்கட்டும். அப்பா இன்று காலை, ஷாலுகிட்ட கேட்டியா என்று விசாரித்தார், அதுவே எனக்குப் போதும். நீ இந்த வேலையை விட்டு ஜெனரல் வார்டுக்கு மாறிவிடலாமா என்று போன தடவை கேட்டாயே, முன்பானால் மாறிக்கொள் என்று உடனே சொல்லியிருப்பேன், இப்போது சொல்ல வாய் வரவில்லை. அங்கே என்ன கஷ்டம் என்று முதலில் சொல், பிறகு யோசிப்போம். டியூட்டி முடிந்து நடந்து வரும்போது காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ஷிஜுவின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் போட மறக்காதே.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும், நீ தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் உன்னால் சுகம் உண்டாகட்டும். இந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன், நீயும் அப்படியே அனுப்பு; அனில் பதில் கேட்டு வியாழக்கிழமை போன் செய்வான். அதற்கு முன் உன் பதில் எங்கள் கையில் இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா எலிசாள்