செல்வியின் மீசை

மூணாறு, 1974 ஆடி, வியாழன் இரவு.

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வி மாலையில் என் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் போய், சித்திரையில் காய்ச்சலில் இறந்த தம்பியின் சட்டையை மாட்டி, முடியைத் தலைப்பாகைக்குள் ஒளித்து, மையால் மீசை வரைந்துகொண்டு வந்து நின்றாள்.

"அம்மை ஊர்ல படுத்த படுக்கையா கெடக்கா அண்ணாச்சி. அவன் போனதச் சொல்லல. போட்டோவாவது அனுப்பச் சொல்லுதா."

பெற்றவளுக்கா முகம் தெரியாமல் போகும்? ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை. விளக்கைத் தள்ளி வைத்து, பாதி முகத்தை நிழலாக்கி எடுத்தேன்.

முடிந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். மீசையை அழிக்கத் துணியை நீட்டினேன். வாங்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணாச்சி. நானும் அவனப் பாத்து ரொம்ப நாளாச்சு."