புனித நிக்கோலா இருக்க வேண்டிய இடம்

அம்மாவுக்கு,

அப்பாவின் அழுக்குத் துணியோடு இதையும் ஸ்மோலியன் ஊருக்குப் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய்.

அப்பா இன்னும் கண் விழிக்கவில்லை. மூச்சுக்கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. என் வார்டிலேயே இருப்பதால் நான்தான் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறேன்.

இன்று காலை திருப்பியபோது வால் எலும்பின் மேல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும். தோல் இன்னும் கிழியவில்லை, பயப்படாதே.

தலைமை நர்ஸ் ஸ்த்ராவ்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, நாலு மூலையோட சிவந்திருக்கு?"

"விரிப்பு மடிஞ்சிருக்கும்கா."

"ஓகோ! மடிப்புக்குத் தலையைச் சுத்தி ஒளிவட்டமும் இருக்குமோ?"

அவ்வளவுதான் கேட்டாள். டாக்டர் வருவதற்குள் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைக்க அவளே கை கொடுத்தாள்.

நேற்று நீ அவர் சட்டையைச் சரிசெய்வதாகச் சொல்லி வெகுநேரம் குனிந்திருந்தாய். அழுகிறாய் என்று நினைத்து நான் திரும்பி நின்றுகொண்டேன். அதைப் பற்றி இப்போதும் எதுவும் கேட்கப்போவதில்லை.

விரிப்புக்கடியில் கிடந்த, தகடு அடித்த புனித நிக்கோலா படத்தைத் துடைத்து, அப்பாவின் தலைமாட்டுக் கம்பியில் துணிநாடாவால் கட்டியிருக்கிறேன். நன்றாகத் தெரிகிறது.

சற்றுமுன் அந்தச் சிவப்பை மறுபடி அழுத்திப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை வா. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேண்டிக்கொள். நிக்கோலாவை மட்டும் இடம் மாற்றாதே அம்மா. மேலே அவர் பார்த்துக்கொள்ளட்டும். அடியில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மூத்தவள்